காச நோய்க்கு மருந்து வாங்கப் போன இடத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை எதற்கு?

"இருமலுக்கு மருந்து வாங்கத்தானே போனோம்? எய்ட்ஸ் டெஸ்ட் எதற்கு எடுக்கச் சொல்கிறார்கள்?"

தாராவி, சயான் கோலிவாடா, அண்டாப் ஹில், செம்பூர் என்று நம்மவர்கள் வசிக்கும் எந்தப் பகுதியில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போனாலும், நான் என்ன வேலை பார்த்தேன் என்பது தெரிந்த யாராவது ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப் போய் இந்தக் கேள்வியைக் கேட்பது வழக்கம். கேட்கும் குரலில் பாதி கோபம் இருக்கும், பாதி பயம் இருக்கும். மும்பை மாநகராட்சி மருத்துவமனை ஒன்றின் எச்.ஐ.வி. ஆலோசனை மையத்தில் பல ஆண்டுகள் ஆலோசகராக இருந்தவள் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு. கூடவே இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நோயாளியின் சங்கடத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். 'இந்தப் பரிசோதனையைச் செய்து கொள்ளுங்கள்' என்று சொல்ல வேண்டியவர் படும் பாட்டைப் பற்றி யாரும் எழுதக் காணோம். அது தெரிந்தால் நம்முடைய கோபத்தில் கொஞ்சமாவது குறையும் என்பது என் நம்பிக்கை.

முதலில் கேள்விக்கு நேரான பதில். நம் நாட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் உடலில் காசக் கிருமி இருக்கிறது. இருமும் ஒருவர் பக்கத்தில் என்றைக்கோ உட்கார்ந்ததில் அது உள்ளே வந்திருக்கும். வந்த கிருமி பெரும்பாலோர் உடலில் உறங்கியபடியே கிடக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதைக் கட்டி வைத்திருக்கும். இப்படிப்பட்ட நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக வெளிப்படும். ஆனால் எச்.ஐ.வி. என்பது அந்த எதிர்ப்புச் சக்தியையே அரித்துத் தின்னும் கிருமி. அது உடம்பில் இருந்து, சிகிச்சையும் இல்லாவிட்டால், ஓர் ஆயுளில் வரக்கூடிய அந்த ஆபத்து ஒவ்வோர் ஆண்டும் வரும். எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரைப் பறிப்பதில் இன்றைக்கும் முதல் இடம் காச நோய்க்குத்தான்.

ஆகவே காச நோய் வந்தவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்ப்பதில் தவறான எண்ணம் எதுவும் இல்லை. இந்தியாவில் நூறு காச நோயாளிகளை எடுத்துக்கொண்டால் அதில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் இரண்டு அல்லது மூன்று பேர்தான். மற்ற தொண்ணூற்றேழு பேரும் 'இல்லை' என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போகிறவர்கள். அந்த இரண்டு மூன்று பேருக்கோ இது உயிர்ப் பிரச்சினை. காச நோய் மாத்திரை தொடங்கி ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தையும் தொடங்கிவிட வேண்டும் (மூளைக் காய்ச்சலாக வரும் காசத்துக்கு மட்டும் கணக்கு வேறு). மற்ற தொற்றுகளைத் தடுக்கக் கோட்ரைமாக்சசோல் என்ற மாத்திரையும் சேர வேண்டும். காச நோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி. மருந்துகள் சிலவற்றின் வேகத்தைக் குறைத்துவிடும் குணமுள்ளது. அதனால்தான் இரண்டும் உள்ளவருக்கு டொலுடெக்ராவிர் என்ற மாத்திரையை நாளைக்கு ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளை கொடுக்கிறார்கள். நிலைமை தெரியாமல் இதையெல்லாம் எப்படிச் செய்வது? சிலருக்குச் சளியில் கிருமியே அகப்படாது. கழுத்தில் கட்டியாகவோ நெஞ்சில் நீராகவோ வரும். ஆறு மாத மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டும் ஆள் தேறவில்லையே என்று வீட்டார் கைபிசைந்து நிற்பார்கள். எச்.ஐ.வி. இருப்பது தெரியாமலே போனவர்கள் கதைகளில் பல இப்படித்தான் இருக்கும்.

இந்தியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது 1986-ல், நம் சென்னையில்தான். டாக்டர் சுனீதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் செய்த காரியம் அது. காச நோய்த் திட்டமும் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டமும் அரசாங்கத்தின் இரண்டு தனித்தனிக் குடும்பங்களாக வெகுகாலம் இருந்தன. 2001-ல் தமிழ்நாடு, மகாராஷ்டிரம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் இரண்டும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கின. 2008-ல் நாடு முழுமைக்குமான வழிமுறை வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு உலக சுகாதார நிறுவனம் ஒரு முக்கியமான மாற்றத்தைச் சொல்லியிருந்தது: நோயாளி தானாக வந்து கேட்கட்டும் என்று காத்திராமல், மருத்துவப் பணியாளரே எடுத்துச் சொல்ல வேண்டும், வேண்டாம் என்று மறுக்கும் உரிமை நோயாளிக்கு இருக்க வேண்டும். இன்றைக்கு நம் நாட்டில் அறிவிக்கப்படும் காச நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்கள் எச்.ஐ.வி. நிலையை அறிந்தவர்கள். பெரிய சாதனைதான். ஆனால் அந்த எண்ணிக்கை ரிஜிஸ்டரில் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு மேசையிலும் நடக்கும் போராட்டம் எண்ணிக்கையில் தெரியாது.

வாயைத் திறப்பது எப்படி?

சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் பரிசோதனை செய்து கொள்ளச் சொல்ல யாருக்கும் நா கூசுவதில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் தொண்டை அடைக்கும். இருபத்து நான்கு வயதுப் பெண் சுகாதாரப் பணியாளர், தன் மாமா வயதுள்ள ஒருவரிடம் இதைச் சொல்ல வேண்டும். "என்னைப் பார்த்தா அப்படிப்பட்ட ஆளாவாம்மா தெரியுது?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். அடுத்த பத்து நோயாளிகளிடம் அந்தப் பெண் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாள். நான் பயிற்சி கொடுத்த பெண்களிடம் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

இதன் விளைவாக, பணியாளர்கள் முகம் பார்த்து ஆள் பொறுக்கத் தொடங்கிவிடுவார்கள். லாரி ஓட்டுகிறவரா, சொல்லு. குடிக்கிறவரா, சொல்லு. நெற்றியில் திருநீறு பூசிய பெரியவரா, விட்டுவிடு. கல்லூரிப் பெண்ணா, பாவம், விட்டுவிடு. 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் வந்த 'புள்ளிராஜா' விளம்பரம் பலருக்கு நினைவிருக்கும். எய்ட்ஸ் என்ற சொல்லைத் தெருவெங்கும் பேச வைத்தது அந்த விளம்பரம். அதற்காக அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் இது ஒரு குறிப்பிட்ட மாதிரி ஆண்பிள்ளைக்கு வருகிற நோய் என்ற எண்ணத்தையும் அது மனத்தில் ஆணியடித்து விட்டுப் போனது என்பது என் கருத்து. கணவனிடமிருந்து பெற்ற பெண்கள், தாயிடமிருந்து பெற்ற குழந்தைகள் யாரும் அந்த முகத்துக்குள் அடங்க மாட்டார்கள். முகம் பார்த்துப் பொறுக்கினால் தப்பிப் போகிறவர்கள் இவர்கள்தான்.

இதற்கு நாங்கள் கண்ட வழி மிகவும் எளியது. காச நோயாளிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனையும் உண்டு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது. "காச நோய்க்கு மருந்து தொடங்குகிற எல்லோருக்கும் சர்க்கரை, எச்.ஐ.வி. இரண்டுக்கும் ரத்தம் பார்க்கிறோம். உங்களுக்கும் பார்க்கலாமா? வேண்டாம் என்றால் சொல்லுங்கள், காச நோய் மருந்து நிற்காது." அந்த 'எல்லோருக்கும்' என்ற ஒரு சொல்லில் பாதிப் பாரம் இறங்கிவிடும். எழுபதை நெருங்கிய ஓர் ஆச்சியிடம் கேட்கலாமா வேண்டாமா என்று எங்கள் மையத்துப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டபோது, ஆச்சி சொன்ன பதில்: "சீனிக்கு ரத்தம் எடுக்கப்போற, அப்படியே இதுக்கும் எடுத்துக்கோயேன் தாயி. அதுக்கு எதுக்கு இந்த முழி முழிக்க?"

இங்கே ஒரு வேடிக்கை. மராத்தியில் அக்காவைத் 'தாயி' என்பார்கள். ஆலோசகர்கள், நர்சுகள் எல்லோருமே அங்கே தாயிகள்தான். நம் ஊர்க் கிழவிகள் அதைத் தமிழ்த் 'தாயி' என்றே எடுத்துக்கொண்டு உரிமையோடு அழைப்பார்கள். இரண்டு மொழிக்காரர்களுக்கும் சந்தோஷம்.

இடமும் நேரமும்

ரகசியமாகப் பேச ஓர் அறை வேண்டும் என்று விதியில் இருக்கிறது. மும்பையில் ஓர் அறை என்பதன் விலை உங்களுக்குத் தெரியும். பல டிஸ்பென்சரிகளில் காச நோய்ப் பணியாளரின் மேசை மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கும் ஊசி போடும் இடத்துக்கும் நடுவே இருக்கும். பின்னால் வரிசையில் முப்பது பேர். அதில் நான்கு பேர் நோயாளியின் சாலிலேயே குடியிருப்பவர்கள். அந்த இடத்தில் 'எச்.ஐ.வி.' என்ற சொல்லை எந்தக் குரலில் உச்சரிப்பது? சிலர் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அதுவும் உதவாது.

அடுத்தது அலைச்சல். காச நோய் அட்டை ஒரு கட்டிடத்தில், ரத்தப் பரிசோதனை வேறு கட்டிடத்தில் என்றிருந்தால், "நாளைக்கு அங்கே போய் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். தினக்கூலிக்காரர் நாளைக்குப் போவாரா? ஒரு நாள் கூலி போகும். போனால் அங்கே மதியத்துக்கு மேல் ரத்தம் எடுப்பதில்லை என்பார்கள், அல்லது கிட் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள் என்பார்கள். ஒரு தடவை திரும்பிப் போனவர் மறு தடவை வருவது அரிது. 'நோயாளி மறுத்துவிட்டார்' என்று ரிஜிஸ்டரில் எழுதுவார்கள். அவர் எங்கே மறுத்தார்? இந்தக் குறையைப் போக்கத்தான் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் பார்க்கும் முறையைச் சிறிய மையங்களுக்கும் கொண்டு வந்தார்கள். அரை மணி நேரத்தில் முடிவு தெரியும். அதில் சந்தேகம் தோன்றினால் மட்டும் பெரிய மையத்துக்கு அனுப்பி, வெவ்வேறு வகையான மூன்று கிட்களில் பார்த்த பிறகே 'இருக்கிறது' என்று சொல்வார்கள். ஒரே கோட்டைப் பார்த்து யாரும் தலையெழுத்தை எழுதிவிட மாட்டார்கள்.

இந்த ஆலோசகர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்கிறவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க அடுத்தவர் துக்கத்தைக் கேட்கும் வேலை. அடுத்த ஆண்டு வேலை நீடிக்குமா என்ற கவலை இலவச இணைப்பு.

காச நோய்ப் பணியாளர் மனத்தை எல்லாவற்றையும் விட அதிகமாக உறுத்தும் பயம் வேறு. இந்தப் பேச்சை எடுத்தால் ஆள் ஓடிவிடுவாரோ என்பதுதான் அது. இருமிக்கொண்டிருக்கும் ஒருவர் பயந்து போய் மருந்தையே நிறுத்திவிட்டால், பத்துக்குப் பத்து அறையில் அவரோடு படுத்துறங்கும் குழந்தைகளின் கதி என்ன? ஆகவே முதலில் மருந்தில் நிலைக்கட்டும், இரண்டு மாதம் போன பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவார்கள். அவர்கள் எண்ணத்தில் இரக்கம் இருக்கிறது. ஆனால் எச்.ஐ.வி. உள்ள காச நோயாளிகளில் பல மரணங்கள் அந்த முதல் இரண்டு மாதத்துக்குள்தான் நேர்கின்றன. தள்ளிப்போடுவதால் யாரைக் காப்பாற்ற நினைக்கிறோமோ அவரையே இழக்கிறோம். நான் பார்த்த வரையில் கேள்வியைக் கேட்டதற்காக ஓடியவர்கள் மிகவும் குறைவு. கேட்ட விதம் பிடிக்காமல் ஓடியவர்கள்தான் அதிகம்.

நடுவில் நிற்கும் மொழி

நம்மவர்களுக்கென்றே உள்ள சங்கடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வேலைக்குப் போகும் ஆண்கள் இந்தி பேசிவிடுவார்கள். இருபது ஆண்டுகள் மும்பையில் இருந்தும் மார்க்கெட் இந்திக்கு மேல் பழகாத பெண்கள் நம்மிடம் எத்தனை பேர்! திருநெல்வேலியிலிருந்து மகன் வீட்டுக்கு வந்த அம்மாக்களுக்கு அதுவும் கிடையாது. இவர்கள் டிஸ்பென்சரிக்கு வரும்போது துணைக்கு ஒரு பேரனோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ, கொழுந்தனோ வருவார்கள். அவர்கள்தான் மொழிபெயர்ப்பாளர்கள்.

மராத்தி ஆலோசகர் பாவம், முறைப்படி நான்கு நிமிடம் பேசுவார். காச நோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் உள்ள தொடர்பு, இது எப்படிப் பரவும், எப்படிப் பரவாது, முடிவு ரகசியமாக இருக்கும், விருப்பம் இல்லை என்றால் மறுக்கலாம் என்று எல்லாவற்றையும் சொல்லி முடிப்பார். துணைக்கு வந்தவர் அவ்வளவையும் கேட்டுவிட்டு நோயாளி பக்கம் திரும்பிச் சொல்வார்: "ரத்தம் எடுக்கணுமாம். கையை நீட்டு." அந்த அம்மாள் கையை நீட்டுவார். படிவத்தில் 'சம்மதம் பெறப்பட்டது' என்று எழுதுவார்கள். இதை நான் கதையாகச் சொல்லவில்லை. என் காதால் கேட்டது. பன்னிரண்டு வயதுப் பையனை வைத்துக்கொண்டு அவன் அம்மாவிடம் ஆணுறையைப் பற்றிக் கேட்க முடியாமல் ஆலோசகர் தவித்ததையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வியை மொழிபெயர்க்க அவனுக்கு வார்த்தையும் தெரியாது, தெரிந்தாலும் வாய் வராது.

முடிவு 'இருக்கிறது' என்று வந்துவிட்டால் இன்னும் மோசம். நோயாளிக்குத் தெரியும் முன்பே பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்துவிடுமே! ஆகவே தமிழ் தெரிந்த ஆலோசகர் வரும் நாள் வரை முடிவைச் சொல்லாமல் நிறுத்தி வைப்பார்கள். அதற்குள் அந்த அம்மாள் ஊருக்குப் போயிருப்பார்.

தமிழ் தெரிந்தவரை உட்கார வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமே என்று நீங்கள் நினைக்கலாம். அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. என்னிடம் வந்து உட்கார்ந்ததும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நீங்க எந்த ஊரு?" என்பது. அம்பாசமுத்திரம் பக்கம் என்று சொன்னதும் முகம் மலரும். அடுத்த நொடியே எச்சரிக்கை வந்துவிடும். எந்தத் தெரு, யார் மகள், இன்னாரைத் தெரியுமா என்று விசாரித்து, தெரியும் என்றால் பேச்சு நின்று போகும். "சரிக்கா, நான் நாளைக்கு வாரேன்" என்று எழுந்து போன ஒருவர் பிறகு வரவே இல்லை. நாலு ஸ்டேஷன் தள்ளி வேறொரு மையத்துக்குப் போய், தமிழ் ஒரு வார்த்தை தெரியாத ஆலோசகரிடம் அரைகுறை இந்தியில் பேசிப் பரிசோதனை செய்துகொண்டார் என்று பின்னால் அறிந்தேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவருக்கு வேண்டியது கிடைத்தது. ஊர்க்காரர் ஊரில் சொல்லிவிடுவார் என்ற பயத்துக்கு நம் சமூகம் போதிய காரணம் கொடுத்து வைத்திருக்கிறது. ஒரு சாலில் ஒருவர் வீட்டுக் கல்யாணப் பேச்சு நின்றுபோக ஒரு வார்த்தை போதும் என்பது நமக்குத் தெரியாததா?

அதன் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஊர் கேட்டால் சொல்வேன். கூடவே, "இங்கே பேசுவது இந்தக் கதவைத் தாண்டினால் என் வேலை போகும், சட்டப்படி தண்டனையும் உண்டு" என்பதையும் சொல்வேன். அன்பாகச் சொல்லும் உறுதிமொழியை விடச் சட்டத்தின் பேரைச் சொன்னால் நம்மவர்களுக்கு நம்பிக்கை வருகிறது!

சட்டம் என்று நான் சொன்னது, 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம். விவரம் சொல்லிச் சம்மதம் பெறாமல் பரிசோதனை செய்யக் கூடாது, சம்மதமின்றி முடிவை வெளியிடக் கூடாது, வேலையிலும் படிப்பிலும் சிகிச்சையிலும் வேற்றுமை காட்டக் கூடாது என்று சொல்கிறது. சிகிச்சைக்குத் தேவையான அளவுக்கு மருத்துவப் பணியாளர்கள் தங்களுக்குள் தெரிவித்துக்கொள்ளலாம்.

இங்கேதான் பணியாளருக்குப் பெரிய தர்மசங்கடம் வருகிறது. கணவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்துவிட்டது. மனைவி தினமும் கூட வருகிறாள்; மாத்திரையை எண்ணிக் கொடுப்பவளும் அவள்தான். "போன வாரம் வரைக்கும் நாலு மாத்திரைதானே அக்கா, இப்ப ஏன் கூடிப்போச்சு?" என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்வது? சொன்னால் அவர் ரகசியத்தை உடைத்ததாகும். சொல்லாவிட்டால் அவளுக்கும் தொற்றலாம், அல்லது ஏற்கெனவே தொற்றியிருக்கலாம். "உங்க வீட்டுக்காரரையே கேளம்மா" என்று சொல்லிவிட்டு, அவரைத் தனியே அழைத்துப் பேசுவோம். ஒரு தடவை, இரண்டு தடவை, நாலு தடவை. பெரும்பாலோர் கடைசியில் தாமே சொல்லிவிடுவார்கள். பலர் எங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல விரும்புவார்கள். எவ்வளவு சொல்லியும் கேட்காமல், மனைவிக்கு ஆபத்து உறுதி என்ற நிலை வந்தால், அவருக்கு முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு மருத்துவரோ ஆலோசகரோ மனைவியிடம் சொல்லச் சட்டம் இடம் கொடுக்கிறது. தொற்று உள்ளவர் பெண்ணாக இருந்து, தெரிந்தால் அடி உதையோ வீட்டை விட்டுத் துரத்துவதோ நேரும் என்றால் சொல்லக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. இந்த விதிவிலக்கை எழுதியவர்களுக்கு நம் வீடுகள் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இந்த மன உளைச்சலுக்குப் பயந்தே சில பணியாளர்கள் பரிசோதனைப் பேச்சை எடுப்பதில்லை என்பதும் உண்மை. முடிவு தெரியாவிட்டால் சுமக்க வேண்டியதில்லையே!

தனியார் டாக்டர்களிடம் போகிறவர்கள் கதை வேறு. நம்மவர்களில் பாதிப் பேர் முதலில் போவது தெருமுனை டாக்டரிடம்தான். அங்கே இரண்டு விதமாக நடக்கும். சிலர் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். நல்ல வாடிக்கைக் குடும்பத்தை ஏன் சங்கடப்படுத்த வேண்டும் என்ற எண்ணம். வேறு சிலர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் மற்ற ரத்தப் பரிசோதனைகளோடு இதையும் சேர்த்து லேபுக்கு எழுதிவிடுவார்கள். ரிப்போர்ட்டை வாங்கி வரும் பிள்ளை ஆட்டோவிலேயே அதைப் பிரித்துப் படிக்கும். இரண்டாவது வகை சட்டத்துக்குப் புறம்பானது என்பதை அந்த டாக்டர்களில் பலர் அறிந்ததாகத் தெரியவில்லை.

ஊர்ப் பயணத்தைச் சொல்லாமல் விட்டால் நம்மவர்கள் கதை முழுமையாகாது. காச நோய் மருந்து ஆறு மாதம். அதற்குள் ஒரு கோவில் கொடை, ஒரு சாவு, பள்ளிக்கூட விடுமுறை என்று ஏதாவது வந்து ஊருக்குப் போகாத குடும்பம் உண்டா? காச நோய் மருந்தை இங்கிருந்து ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றிக் கொடுப்பது இப்போது எளிது. நிக்ஷய் என்ற கணினிப் பதிவில் அடையாள எண் இருந்தால் நாட்டில் எங்கேயும் தொடரலாம். எச்.ஐ.வி. மருந்தையும் அப்படி மாற்ற வழி இருக்கிறது. ஆனால் மனம் இடம் கொடுக்காது. தமிழ்நாட்டில் இந்தப் பரிசோதனை மையங்களுக்கு 'நம்பிக்கை மையம்' என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும், சொந்த ஊர்த் தாலுகா ஆஸ்பத்திரியில் அந்தப் பலகை மாட்டிய கதவுக்கு முன்னால் நிற்க மும்பைக்காரர் தயாரில்லை. ஆகவே ஊரில் இருக்கும் இரண்டு மாதம் காச நோய் மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார். இதைத் தவிர்க்க, ஊருக்குக் கிளம்பும் தேதியை முன்கூட்டியே சொன்னால் கூடுதல் நாட்களுக்கு மருந்து கேட்டு வாங்கலாம். ரயில் டிக்கெட் நான்கு மாதம் முந்தி எடுக்க முடியாவிட்டாலும் இரண்டு மாதம் முந்தி எடுக்கிறோமே. எடுத்ததும் மருந்து மையத்துக்கும் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இனி, நம் வீட்டில் யாருக்காவது காச நோய் என்றால் என்ன செய்யலாம் என்று சிலவற்றைச் சொல்கிறேன். பரிசோதனை செய்து கொள்ளச் சொன்னால் அது உங்களைக் குறித்த சந்தேகம் அல்ல, எல்லோரிடமும் சொல்வதுதான். யோசிக்க ஒரு நாள் வேண்டும் என்றாலும் கேட்கலாம். வேண்டாம் என்றாலும் காச நோய் மருந்தும், 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்ட சத்துணவுப் பணமும் நிற்காது. முடிவு 'இல்லை' என்று வந்து, அண்மையில் தொற்று நேர்ந்திருக்கலாம் என்ற ஐயம் உங்கள் மனத்தில் இருந்தால், மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கிருமி வந்த முதல் சில வாரங்களில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். 'இருக்கிறது' என்று வந்தால், 2004 ஏப்ரல் முதல் தேதி தொடங்கி அரசாங்கம் இலவசமாகக் கொடுத்து வரும் கூட்டு மருந்து இருக்கிறது. 2017 முதல் ரத்த அணுக் கணக்குப் பார்த்துக் காத்திருக்க வைப்பதும் இல்லை. எல்லோருக்கும் உடனே உண்டு. தவறாமல் சாப்பிடுகிறவர் மற்றவர்களைப் போலவே வேலை செய்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, பேரன் பேத்தி பார்க்கலாம். அப்படிப் பார்த்தவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு.

துணைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மாவோ மாமியாரோ ஆலோசகர் முன்னால் உட்கார்ந்ததும், "நான் வெளியே இருக்கட்டுமா?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். மொழிபெயர்க்க வேறு ஆளில்லை என்றால் முழுவதையும் சொல்லுங்கள். உங்களுக்குக் கூச்சமாக இருக்கும் பகுதியையும் சேர்த்து. குழந்தைகளைத் தயவு செய்து இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். தமிழில் பேச ஆலோசகர் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் மையத்தில் இல்லாவிட்டாலும் எந்த மையத்தில், எந்தக் கிழமையில் இருப்பார் என்று விசாரித்துச் சொல்வார்கள். வீட்டு போன் நம்பரைக் கொடுக்கும்போது அதை எடுப்பது யார் என்பதையும் யோசித்துக் கொடுங்கள்.

எச்.ஐ.வி. பற்றிய சந்தேகங்களுக்கு 1097 என்ற எண்ணிலும், காச நோய் பற்றிய விவரங்களுக்கு 1800-11-6666 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். 1097-ல் பேசும்போது உங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.